பிழைத்தபின் வரும் ஆண்டுகள்



மூளையில் இரத்தக்குழாய் வெடித்து, மரணத்தின் விளிம்புவரை போய்த் திரும்பிய ஒருவர் வீட்டுக்கு வந்துவிட்டால், பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: "இப்போ பூரண சுகமா?" அன்போடுதான் கேட்கிறார்கள். ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் திணறுகிறவர்களை நாங்கள் வார்டிலும் வெளிநோயாளர் பகுதியிலும் அடிக்கடி சந்திக்கிறோம். "ஆம்" என்றால் பொய்யாகிவிடும். "இல்லை" என்றால், தனக்காக உபவாசித்து ஜெபித்தவர்களின் மனதை நோகடித்ததாகிவிடுமோ என்ற பயம். ஆகவே "தேவ கிருபையால் நல்லா இருக்கேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டு, விளக்கை அணைத்து அறையில் படுத்துக்கொள்கிறார்கள்.

இந்த மாதப் பாடம் அவர்களுக்காகவும், அவர்களோடு ஒரே கூரையின்கீழ் வாழ்கிறவர்களுக்காகவும் எழுதப்படுகிறது. நாம் கற்றுக்கொள்ள விரும்பும் காரியம் ஒன்றே. உயிர் பிழைப்பது சில நாட்களில் முடிவாகிவிடும். பிழைத்தபின் வாழ்வதோ பல ஆண்டுகளின் காரியம். உடலில் தங்கிவிட்ட குறைகளோடு கழியும் அந்த ஆண்டுகளும் முழுமையான வாழ்க்கையே என்று அறிந்துகொள்ளும் குடும்பம் பாக்கியமுள்ளது.

1. நடந்தது என்ன?

மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாயின் சுவரில் ஓரிடம் பலவீனப்பட்டு, பழைய சைக்கிள் டியூப் புடைத்துக்கொள்வதுபோலப் புடைத்துக்கொள்வதுண்டு. இதற்கு அனியூரிசம் என்று பெயர். வயதுவந்தவர்களில் ஏறக்குறைய 100 பேரில் 3 பேருக்கு இப்படி ஒரு புடைப்பு இருக்கிறது. பெரும்பாலோருக்கு அது வெடிப்பதே இல்லை. இருப்பது தெரியாமலே வாழ்ந்து முடிக்கிறார்கள். சிலருக்கு வெடிக்கிறது. அப்போது மூளையைச் சுற்றியுள்ள இடைவெளியில் இரத்தம் பாய்கிறது. வாழ்நாளில் அறியாத தலைவலி ஒரே நொடியில் இடி விழுந்ததுபோல வரும். வாந்தி, கழுத்து விறைப்பு, வெளிச்சத்தைப் பார்க்கமுடியாமை, சிலருக்கு பிட்ஸ், சிலருக்கு நினைவிழப்பு உண்டாகும். இப்படி வந்தால், வலி மாத்திரை கொடுத்துப் படுக்கவைத்து நேரத்தைப் போக்காமல், ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோக வேண்டும். புகைபிடிப்பதும், கட்டுப்படாத இரத்த அழுத்தமும் இந்த ஆபத்தைக் கூட்டுகின்றன. நெருங்கிய உறவில் இருவருக்கு இது வந்திருந்தால், மற்றவர்கள் தங்கள் டாக்டரிடம் அதைச் சொல்லிவைப்பது நல்லது.

1937-ல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் வால்ட்டர் டாண்டி என்ற அறுவை மருத்துவர், மண்டையோட்டைத் திறந்து, புடைப்பின் கழுத்தில் சிறு கிளிப் ஒன்றைப் போட்டு அதை அடைத்தார். 1990 முதல், இரத்தக்குழாய் வழியாகவே மெல்லிய குழாயைச் செலுத்தி, புடைப்புக்குள் பிளாட்டினக் கம்பிச் சுருளை நிரப்பும் முறையும் வந்தது. நம் தேசத்தில் மூளை, நரம்பு அறுவை சிகிச்சைக்கென்று முதல் பிரிவு 1949-ல் வேலூர் மிஷன் மருத்துவமனையில்தான் டாக்டர் ஜேக்கப் சாண்டி அவர்களால் தொடங்கப்பட்டது என்பதை நன்றியோடு நினைக்கிறோம்.

ஆனால் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிளிப்பும் கம்பிச் சுருளும் மறுபடி வெடிக்காதபடி காக்கின்றன. முதல் வெடிப்பு செய்த சேதத்தை அவை மாற்றுவதில்லை. ஏரிக்கரை உடைந்தால், உடைப்பை அடைத்துவிடலாம். அதற்குள் வெள்ளம் புகுந்த வயல் அடைத்த அன்றே பழையபடி ஆகிவிடாது. போதாததற்கு, வெடித்த நான்காம் நாளிலிருந்து ஏறக்குறைய இரண்டு வாரம்வரை மூளையின் இரத்தக்குழாய்கள் சுருங்கி, இன்னும் சில பகுதிகள் இரத்தமின்றி வாடக்கூடும். மூளையில் நீர் தேங்கி, அதை வடிக்க உடலுக்குள் ஒரு குழாயும் வைக்க வேண்டியதாகலாம். ஆகவே "ஆபரேஷன் சக்சஸ்" என்று டாக்டர் சொல்வதும், நோயாளி "இன்னும் முடியவில்லை" என்று சொல்வதும் ஒரே நேரத்தில் உண்மையாயிருக்கலாம். இதை விளங்கிக்கொள்ளாத வீடுகளில்தான் பல மனத்தாங்கல்கள் தொடங்குகின்றன.

2. தங்கிவிடுகிறவை

சில குறைகள் எல்லார் கண்ணுக்கும் தெரியும். ஒரு கையும் காலும் பலவீனப்படும். அல்லது இறுகிப்போய், விரல்கள் மடங்கியே நிற்கும். நடையில் தள்ளாட்டம் இருக்கும். ஒரு கண் இமை தொங்கலாம். பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரியலாம். நினைக்கும் சொல் நாவுக்கு வராது. விழுங்கும்போது புரையேறும்.

வேறு சில குறைகள் யார் கண்ணுக்கும் தெரியாது. அவைகளில் முதலாவது, சோர்வு. இது வேலை செய்த களைப்பு போன்றதல்ல. இரவெல்லாம் சார்ஜ் போட்டாலும் பாதிதான் ஏறும் பழைய பாட்டரியைப்போல, காலையில் எழும்போதே பலம் பாதிதான் இருக்கும். குளித்து, உடுத்தி, இரண்டுபேரோடு பேசினால் அதுவும் தீர்ந்துவிடும். இரத்தக்கசிவிலிருந்து பிழைத்தவர்கள் மிகுதியாகச் சொல்லும் குறை இதுவே. பலருக்கு ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறது. அடுத்தது, சத்தமும் வெளிச்சமும் தாங்கமுடியாமை. கல்யாண வீட்டு ஒலிபெருக்கி அவர்களுக்கு உடல் வேதனையாகவே இருக்கும். சிலருக்குத் தலைவலி விடாது. சிலருக்குப் பார்வையின் ஒரு பாதி மறைந்திருக்கும்; தட்டில் ஒரு பக்கத்துச் சோறு அப்படியே மீந்திருப்பதைக் கண்டுதான் வீட்டார் அதைக் கண்டுபிடிக்கிறார்கள். சிலருக்கு வாசனை தெரியாது. குழம்பு ஊசிப்போனதும், காஸ் கசிவதும் அவர்களுக்குத் தெரியவராது. சிலருக்குப் பின்னாளில் பிட்ஸ் வருவதுண்டு.

"என்ன அண்ணன், ஆள் நல்லாத்தானே இருக்கீங்க, எப்போ வேலைக்கு வர்றீங்க?" என்று நாம் ஒருவரைக் கேட்கும்போது, இந்த இரண்டாவது வகைக் குறைகளை நாம் பார்க்கவில்லை என்பதையே காட்டிக்கொள்கிறோம். கட்டுப்போட்ட கைக்கு வழிவிடுகிற நாம், கட்டுப்போட முடியாத மூளைக்கு வழிவிடத் தெரியாதிருக்கிறோம். சோம்பேறி, நடிக்கிறார், மனதைரியம் இல்லை என்ற சொற்கள் ஒரு நோயாளியின் காதில் விழும்போது, நோயைவிட அவை ஆழமாய்க் காயப்படுத்துகின்றன.

3. ஒரு சாட்சி: 39 ஆண்டும் 45 ஆண்டும்

மருத்துவமனைப் பத்திரிகையில் ஒரு சினிமா நடிகையைப் பற்றி எழுதுவது சிலருக்கு வியப்பாயிருக்கலாம். ஆனால் இந்தப் பாடத்தை அவருடைய வாழ்க்கையைவிடத் தெளிவாய்க் கற்பிக்கும் வேறொன்றை நாம் அறியோம்.

பட்ரீசியா நீல் அமெரிக்காவின் கென்டகி மாநிலத்தில் 1926-ல் பிறந்தவர். 'ஹட்' என்ற படத்துக்காக 1964-ல் சிறந்த நடிகைக்கான ஆஸ்கார் பரிசு பெற்றார். மறு ஆண்டு, 1965 பிப்ரவரி 17 அன்று, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில், அவருடைய மூளையில் அனியூரிசம் வெடித்தது. அப்போது அவருக்கு வயது 39, கர்ப்பவதியாகவும் இருந்தார். பல மணிநேரம் அறுவை சிகிச்சை நடந்தது. மூன்று வாரம் நினைவில்லாமல் கிடந்தார். கண்விழித்தபோது வலது பக்கம் செயலற்றிருந்தது; பேச்சு போய்விட்டது; பார்ப்பதெல்லாம் இரண்டாகத் தெரிந்தது. கண்ணுக்கு மறைப்பும், காலுக்கு இரும்புக் காலிபரும் போட வேண்டியதாயிற்று. அதே ஆண்டு ஆகஸ்டில் ஆரோக்கியமான ஒரு பெண் குழந்தையைப் பெற்றெடுத்தார்.

அவருடைய கணவர், குழந்தைகளுக்கான கதைகள் எழுதிப் புகழ்பெற்ற ரோல்ட் டால். இங்கிலாந்தில் கிரேட் மிஸ்ஸெண்டன் என்ற கிராமத்தில் அவர்களுடைய வீடு. பட்ரீசியா பொருட்களின் பெயர்களை மாற்றிச் சொன்னார். இல்லாத சொற்களையெல்லாம் உண்டாக்கிப் பேசினார். பேச்சுப் பயிற்சி நிபுணரின் சில மணிநேரம் போதாது என்று கண்ட கணவர், அக்கம்பக்கத்தாரை உதவிக்கு அழைத்தார். முறைவைத்து ஒவ்வொருவராக வந்து, படிக்கவும் எழுதவும் பேசவும் பழக்கினார்கள். அவர்களில் ஒருவர் வேலரி ஈட்டன் கிரிஃபித் என்ற பெண்மணி. அவர் மருத்துவரோ பயிற்சி நிபுணரோ அல்ல, அயலகத்தார், அவ்வளவே. தாம் கற்றுக்கொண்டதை 1970-ல் ஒரு புத்தகமாக எழுதினார். 1973-ல் அதுவே தன்னார்வத் தொண்டர்கள் பக்கவாத நோயாளிகளின் வீடுகளுக்குச் சென்று உதவும் திட்டமாகி, இங்கிலாந்தில் பரவியது. பயிற்சிபெறாத அயலகத்தாரின் ஒருமணி நேரத்துக்கு இவ்வளவு பலன் உண்டு என்பதை நாம் மறக்கலாகாது.

1967-ல் பட்ரீசியா நியூயார்க்கில் பெரும் கூட்டத்தின் முன் நின்று பேசினார். 1968-ல் வெளியான படத்தில் மீண்டும் நடித்து, ஆஸ்கார் பரிசுக்கு மறுபடி பரிந்துரைக்கப்பட்டார். கதை இங்கே முடிந்திருந்தால், "பூரண சுகம்" என்று நாம் எழுதிவிடலாம். ஆனால் நடையில் தாங்கல் இருந்துகொண்டே இருந்தது. பார்வையில் குறை இருந்தது. முன்பு எளிதாய் மனப்பாடம் செய்த வசனங்களுக்கு இப்போது பெரும் பிரயாசம் தேவைப்பட்டது. கணவர் விதித்த கண்டிப்பான பயிற்சி பலன் தந்தாலும், அது அவருக்கு மிகவும் கசப்பாயிருந்தது. 1983-ல் அந்த மணவாழ்வும் முறிந்தது. குறைகளோடேயே அவர் வேலை செய்தார், பிள்ளைகளை வளர்த்தார், தம்மைப்போல் நோயுற்றவர்களைத் தேடிப்போய்ப் பேசினார். அவர் வளர்ந்த நாக்ஸ்வில் நகரில் 1978-ல் அவர் பெயரால் ஒரு மறுவாழ்வு மையம் திறக்கப்பட்டது. 2010 ஆகஸ்டில், 84-ம் வயதில், அவர் காலமானார்.

கணக்கைப் பாருங்கள். வெடிப்புக்கு முன் அவர் வாழ்ந்தது 39 ஆண்டுகள். வெடிப்புக்குப் பின் 45 ஆண்டுகள். குறையோடு வாழ்ந்த பகுதியே நீளமான பகுதி! "பழையபடி ஆனபின் வாழ்வேன்" என்று அவர் காத்திருந்தால், தம் வாழ்வின் பெரும்பகுதியைக் காத்திருந்தே கழித்திருப்பார்.

4. யாக்கோபின் நடை

நம்மில் சிலருக்கு இன்னும் ஒரு கேள்வி இருக்கிறது. தேவன் உயிரைத் தந்தாரே, ஏன் காலைத் தரவில்லை? பாதி ஜெபத்தைக் கேட்டு, பாதியை விட்டுவிட்டாரா?

ஆதியாகமம் 32-ம் அதிகாரத்தில் யாக்கோபு யாப்போக்கு ஆற்றங்கரையில் இராமுழுதும் போராடின சம்பவத்தை நாம் அறிவோம். விடிந்தபோது அவன் ஆசீர்வாதமும் புதிய பெயரும் பெற்றிருந்தான். அத்தோடு தொடைச்சந்து பிசகி, தாங்கித் தாங்கி நடந்தான். ஆசீர்வாதமும் தாங்கலும் ஒரே இரவில் வந்தன. அந்தத் தாங்கல் நீங்கிற்று என்று வேதத்தில் எங்கும் சொல்லப்படவில்லை. அந்தக் காலோடுதான் அவன் ஏசாவைச் சந்திக்கப் போனான். வெகுகாலத்துக்குப்பின் எகிப்துக்கும் போனான். பார்வோனின் முன்பாக நின்றான். கண் மங்கிய முதிர்வயதில் யோசேப்பின் குமாரரை ஆசீர்வதித்தான். தாங்கி நடந்ததினால் அவனுடைய விசுவாசம் குறைந்துபோயிற்று என்று எவரும் சொல்வதில்லை.

ஆகவே, சரீரத்தில் தங்கின குறையை விசுவாசக் குறைவின் அடையாளமாக எண்ணும் எண்ணத்தை நாம் அடியோடு விட்டுவிட வேண்டும். நோயாளியைச் சபையின் முன் நிறுத்தி, "முழுசும் சரியாகிவிட்டது என்று சொல்லுங்கள்" என்று நெருக்குவது அவருக்குச் செய்யும் அநியாயம். "இன்று பத்து அடி நடந்தேன், நேற்று முடியவில்லை, நாளை முடியுமோ தெரியாது" என்பதும் நல்ல சாட்சியே.

5. வீட்டில் செய்யத்தக்கவை

எங்கள் பிசியோதெரபி ஊழியரும் நர்சுகளும் குடும்பத்தாருக்குச் சொல்லிவருகிறவற்றில் சிலவற்றை இங்கே தருகிறோம்.

பலவீனமான கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள். தோள்மூட்டு நழுவிவிடும். முதுகையும் இடுப்பையும் தாங்கி எழுப்புங்கள். உட்கார்ந்திருக்கும்போது அந்தக் கையை ஒரு தலையணையின்மேல் வையுங்கள்.

உணவு கொடுக்கும்போது நிமிர்ந்து உட்காரவைத்துச் சிறுகச் சிறுகக் கொடுங்கள். படுத்தபடியே கஞ்சி ஊற்றுவது ஆபத்து. புரையேறுவது தொடர்ந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

குளியலறையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும், சுவரில் கைப்பிடிக் கம்பியும் போடுங்கள். ரப்பர் செருப்பு காலைவிட்டு நழுவும். பின்வார் உள்ள செருப்பே நல்லது.

உணர்ச்சி குறைந்த கைக்குச் சூடு தெரியாது. கொதிக்கும் பாத்திரத்தின் அருகே கவனம் தேவை. வாசனை தெரியாதவர் தனியே சமைக்கும் வீட்டில், மற்றவர்கள் காஸ் வால்வை அடிக்கடி பார்த்துக்கொள்ளட்டும்.

பிட்ஸ் மாத்திரையை, "இப்போதுதான் நன்றாயிருக்கிறாரே" என்று நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். ஸ்கூட்டர், கார் ஓட்டுவது டாக்டரைக் கேட்டபின் மட்டுமே. மூளையில் கிளிப் இருக்கிறவர் எந்த எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கும் முன்பாக அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பழைய கிளிப் சிலவற்றைக் காந்தம் இழுத்துவிடும். ஆபரேஷன் விவரம் எழுதின டிஸ்சார்ஜ் தாளைப் பத்திரமாய் வையுங்கள்.

சோர்வுக்கு மருந்து, முன்கூட்டிய ஓய்வு. விழுந்தபின் படுக்கவைப்பதைவிட, விழுமுன் உட்காரவைப்பது மேல். காலையில் ஒரு முக்கிய வேலை, பின் ஓய்வு, மாலையில் இன்னொன்று என்று பகிர்ந்துகொள்ளலாம். நல்ல நாளில் எல்லாவற்றையும் செய்துவிட்டு, மறுநாள் படுக்கையாய்க் கிடப்பது பலருக்கு நேரிடுகிறது.

திடீரெனப் புதிய கடும் தலைவலி, வாந்தி, அதிக மயக்கம், புதிய பலவீனம், தடுமாற்றம் எதுவானாலும், "இது பழசுதான்" என்று இருந்துவிடாமல் உடனே கொண்டுவாருங்கள்.

இன்னும் ஒன்று. முன்னேற்றம் முதல் ஆறு மாதத்தில்தான் வேகமாயிருக்கும். அதற்குப்பின் எல்லாம் நின்றுவிடும் என்று எண்ணிப் பயிற்சியைக் கைவிடலாகாது. மெதுவாக, ஆண்டுகள் கழித்தும், கை கால் புதிய காரியங்களைக் கற்றுக்கொள்வதுண்டு. அதேவேளையில், திரும்பாததையே துரத்தி ஓடி, இருப்பதை அனுபவியாமல் போவதும் நஷ்டமே.

6. சபையில் செய்யத்தக்கவை

பார்க்கப் போகிறவர்கள் கூட்டமாய்ப் போகாமல், இரண்டுபேராய்ப் போய், பத்து நிமிடத்தில் திரும்பலாம். ஜெபத்தை மெல்லிய குரலில் செய்யலாம். பேச்சுத் திக்குகிறவர் சொல்லைத் தேடும்போது, நாம் முந்திக்கொண்டு முடித்துவிடாமல் காத்திருக்கலாம். ஆலயத்தில் ஒலிபெருக்கிக்குத் தூரமாய், வாசலுக்கு அருகாமையில், முதுகு சாயும் ஓர் இடத்தை அவருக்கென்று வைக்கலாம். ஆராதனையின் பாதியில் அவர் எழுந்து போனால், ஒருவரும் திரும்பிப் பார்க்க வேண்டாம்.

முதல் மாதத்தில் வீடு நிறைய ஆட்கள். ஆறாம் மாதத்தில் ஒருவருமில்லை. இதுதான் பெரும்பாலும் நடக்கிறது. உதவி அதிகம் தேவைப்படுவதோ ஆறாம் மாதத்துக்குப் பின்தான். அந்த வீட்டு மனைவியோ, மகளோ, தாயோ இரவும் பகலும் தாங்கித் தாங்கி ஓய்ந்துபோயிருப்பார்கள். வாரத்தில் ஒருநாள் இரண்டு மணிநேரம் நாம் போய் நோயாளியோடு உட்கார்ந்தால், அவர்கள் கடைக்குப் போகலாம், அல்லது கதவைச் சாத்திக்கொண்டு தூங்கலாம். கிரேட் மிஸ்ஸெண்டன் கிராமத்தார் செய்தது அவ்வளவுதான். நம் ஊர்களிலும் அது செய்யக்கூடாததல்ல.

இனிமேல் "பூரண சுகமா?" என்று கேட்பதை விட்டுவிடுவோம். "இன்றைக்கு எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்போம். அந்தக் கேள்விக்கு அவர் உண்மையான பதிலைச் சொல்லலாம்.

குடும்பமாய்ச் சிந்திக்க

1. நம் தெருவிலோ சபையிலோ, பெரிய வியாதியிலிருந்து பிழைத்து வந்து, இப்போது வெளியே அதிகம் காணப்படாதவர் யார்? அவரைக் கடைசியாய்ப் பார்த்தது எப்போது?

2. கண்ணுக்குத் தெரியாத ஒரு குறையை யாராவது நம்மிடம் சொன்னபோது, நம்பினோமா, புத்தி சொன்னோமா?

3. நம் வீட்டிலுள்ள நோயாளி பழையபடி ஆகட்டும் என்று நாம் ஒத்திவைத்திருக்கிற காரியம் ஏதாவது உண்டா? அதை இப்போதிருக்கிற நிலையிலேயே அவரோடு சேர்ந்து செய்யலாமா?